ஜீரோ உண்ணி

உண்ணியின் குடலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று விருத்தாசலத்தில் யாரிடம் சொன்னாலும் ஒரே ஜோக்கைத்தான் அடிப்பார்கள். "எங்க மொதலாளிய வந்து ஆராய்ச்சி பண்ணும்மா, அவரும் ரத்தந்தான் குடிக்கிறாரு." செராமிக் பேட்டையில் களிமண் அரைக்கிறவர் இதைச் சொல்வார். அவருடைய முதலாளி இதையே பேங்க் மேனேஜரைப் பற்றிச் சொல்வார். பேங்க் மேனேஜர் தன் மாமியாரைப் பற்றிச் சொன்னார். சொல்லிவிட்டு, உலகத்திலேயே முதன்முதலில் தனக்குத்தான் இது தோன்றியதுபோல என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சிரிக்க வேண்டுமாம். நாலு வருஷமாகச் சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை வலியே வந்துவிட்டது.

உண்ணியை இப்படிக் கேவலப்படுத்துவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. மனுஷனுக்கு ஒரு பிளேட் பிரியாணி செரிக்கவே சோடா வேண்டியிருக்கிறது. உண்ணி தன் எடையைப்போலப் பல மடங்கு ரத்தத்தைக் குடித்துவிட்டு ஒரு ஏப்பம்கூட விடாமல் செரிக்கிறது. நம் வயிற்றில் அமிலம் சுரந்து சோற்றைக் கரைக்கிற மாதிரி அங்கே கிடையாது. குடல் சுவரில் இருக்கிற செல்கள் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்களுக்குள் இழுத்துக்கொள்ளும். உள்ளே ஒரு புரதம் காத்துக்கொண்டிருக்கும். ரத்தத்துக்குச் சிவப்பு கொடுக்கிற சமாசாரத்தின் மேல் அதுதான் முதல் வெட்டுப் போடும். அடுத்தடுத்த புரதங்கள் அந்தத் துண்டுகளைப் பொடியாக்கும். அதில் விஷமான பகுதியைத் தனியாக மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிடும். எங்கள் வீட்டுச் சமையலறையில்கூட இவ்வளவு ஒழுங்காக வேலை பிரித்துச் செய்து நான் பார்த்ததில்லை.

அந்தக் குடல் புரதங்களில் ஒன்றைத்தான் நான் பிரித்தெடுத்தேன். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் உண்ணிகளின் வயிற்றை அறுத்து அறுத்து, கண் வீங்கி எடுத்த புரதம். அதைப் பசுவுக்கு ஊசியாகப் போட்டால், பசுவின் உடம்பு அதைப் பகையாளியாக நினைத்து எதிர்ப்புப் பொருளைத் தயார் பண்ணி ரத்தத்தில் வைத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பசுவைக் கடிக்கிற உண்ணிக்கு, குடித்த ரத்தமே குடலை ஓட்டை போட்டுவிடும். ரத்தம் குடலை விட்டு உடம்பெல்லாம் கசியும். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய உண்ணி செக்கச்செவேல் என்று ஆகிவிடும். மாட்டுக்கு மருந்து அடிக்க வேண்டாம், பாலில் விஷம் சேராது. இது நான் நினைத்தது. நடந்தால் எனக்கு டாக்டர் பட்டம். நடக்காவிட்டால் நாலு வருஷம் உண்ணி அறுத்த பானுமதி என்ற பெயர் மட்டும் மிச்சம்.

பல்கலைக்கழகத்துப் பண்ணை மாடுகளுக்கு வாராவாரம் உண்ணி மருந்து தெளிக்கிறார்கள். அதனால் முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு ராஜமாணிக்கம் சித்தப்பாவின் பசுவைக் கேட்டேன். சித்தப்பா செராமிக் பேட்டையில் சின்னதாக ஒரு யூனிட் வைத்து ஃப்யூஸ் கட்டையும் பிள்ளையார் பொம்மையும் செய்கிறார். யூனிட்டுக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. பசு ஜெர்சி கலப்பு. செல்வநாயகி சித்தி அதை விருந்தாளிகள் முன்னால் மகாலட்சுமி என்பாள், மற்ற நேரத்தில் சனியனே என்பாள். கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். சித்தப்பா இதற்கெல்லாம் சம்மதித்ததற்குக் காரணம் அறிவியல் ஆர்வம் ஒன்றும் இல்லை. ஊசி ஃப்ரீ என்று சொல்லியிருந்தேன்.

ஊசி பிரச்சினையே இல்லை. ஊர்க்காரர்களின் கைதான் பிரச்சினை. எங்கள் பக்கத்து ஆட்களை ஒரு மாட்டின் அருகே நிறுத்திப் பேசவிட்டால் வாய் பாட்டுக்குப் பேசும், கை பாட்டுக்கு உண்ணி பிடுங்கும். யார் வீட்டு மாடு என்ற பேதமே கிடையாது. பால் வாங்க வந்த டீச்சர், மீட்டர் பார்க்க வந்தவர், பொம்மைக்கு ஆர்டர் கொடுக்க வந்த கடைக்காரர், யாராக இருந்தாலும் நின்று நாலு வார்த்தை பேசினால் இரண்டு உண்ணி காலி. பிடுங்கியதைக் கீழே போட்டுக் குதிகாலால் ஒரு திருகு. டப் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் அவர்களுக்கு ஒரு நிம்மதி, எனக்கு நெஞ்சடைப்பு. கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு வருகிறவர்கள் கையையெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

சித்திக்கு மானம் போய்க்கொண்டிருந்தது. மாட்டின் மேல் உண்ணி இருந்தால் வீட்டுப் பொம்பளைக்கு உடம்பு வணங்கவில்லை என்று அர்த்தமாம்.

"ஏன்டி பானு, ஊரே காறித் துப்புது. மாட்டப் பாத்துட்டு எதிர்வூட்டுக்காரி பாலே வேணாங்கிறா. உண்ணி வளக்கிறதுக்காடி உன்னை இம்மாம் படிக்க வச்சாங்க?"

"சித்தி, உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன். அது குடிச்சு முடிச்சுத் தானா கீழ வுழணும். கையால புடுங்குனா குடலு கிழிஞ்சிடும். அப்புறம் கிழிச்சது ஊசியா உங்க வெரலான்னு எவன் சொல்றது?"

"கிழிஞ்சா நல்லதுதானே? சாவட்டும்."

தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு காலையில் மாட்டின் காதுமடலைத் திருப்பிப் பார்த்தேன். ஆமணக்கு விதைபோல உப்பியிருந்த உண்ணிகளில் பாதிக்கு மேல் சிவப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்பழுக்கில்லாத சிவப்பு. என் புரதம் வேலை செய்திருந்தது. உலகத்தில் அந்த நிமிஷம் அது எனக்கும் அந்த மாட்டுக்கும் மட்டும்தான் தெரியும். சாணித் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

யூனிட்டில் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிற பூவாயி அக்காதான் மாட்டையும் பார்த்துக்கொள்கிறார். சத்தம் கேட்டு ஓடிவந்தார். "என்னா பாப்பா, மாடு ஒதைச்சிடுச்சா?"

"இல்லக்கா. உண்ணி செவந்துடுச்சுக்கா."

அவர் என் நெற்றியில் கை வைத்துச் சூடு பார்த்துவிட்டுப் போனார்.

நாளைக்கோ மறுநாளோ எல்லாம் தானாக விழுந்துவிடும். மாட்டுக்கு அடியில் சித்தப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தேன். விழுகிறதைப் போட டியூபுகளும் ஐஸ் பெட்டியும் தயார். என் கைடு டாக்டர் பாலகிருஷ்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். உண்ணிப் புரதத்தில் இருபது வருஷமாகப் பெரிய ஆள். ஏசி அறையை விட்டு அவர் வெளியே வந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. உண்ணிகள்தான் கண்ணாடிச் சில்லில் ஒட்டிக்கொண்டு அவரைப் போய்ப் பார்க்கும். அடுத்த வாரம் ஹைதராபாத்தில் மாநாடு, அவர் பேசுகிறார், காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. "நாளைக்கே வரேன்" என்றார். மறுநாள்தான் சித்தப்பாவின் புது கேஸ் சூளைக்குத் திறப்பு விழா. ஒரே நாளில் இரண்டு சந்தோஷம் என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன், புத்தி கெட்டவள்.

காலையில் ஜங்ஷனுக்குக் கிளம்பும்போது பூவாயி அக்காவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "அக்கா, ஒருத்தரும் மாட்டுகிட்ட வரக்கூடாது. யாரு கையும் மேல படக்கூடாது."

"நீ போயிட்டு வா பாப்பா. நான் இருக்கறேன்ல."

ரயில் வழக்கம்போல லேட். பாலகிருஷ்ணன் சார் கோட்டும் பளபளக்கும் கறுப்பு ஷூவுமாக இறங்கினார். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் மூக்கைக் கர்சீப்பால் மூடிக்கொண்டே வந்தார். யூனிட் வாசலில் வாழைமரம், மைக் செட்டில் நாதஸ்வரம். புதுச் சூளைக்கு முன்னால் மகாலட்சுமி நின்றுகொண்டிருந்தது. குளித்து, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, கொம்புக்கு நீலப் பெயின்ட் அடித்து, கழுத்து கொள்ளாமல் சாமந்தி மாலை. உடம்பு பளிங்குபோல மின்னியது. நான் விரித்திருந்த வெள்ளை வேட்டி, விருந்தாளிகளின் மேஜை மேல் கிடந்தது.

"மாட்ட யாருக்கா தொட்டது?" பூவாயி அக்காவிடம் ஓடினேன்.

"நாந்தான் பாப்பா." பூவாயி அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நீ சொன்ன மாதிரியே ஒருத்தரையும் கிட்ட வுடல. எல்லாத்தையும் நானே புடுங்கிட்டேன். ஒரு கொட்டாங்கச்சி நெறைய இருந்துது. செவப்பா வேற இருந்துதா, உங்க சித்தி அத மாட்டுக்குத் திருஷ்டி சுத்தி, மண்ணெண்ண ஊத்தி சூளை வாசல்லயே கொளுத்திட்டாங்க."

நாலு வருஷம். ஒரு கொட்டாங்கச்சியில். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சூளைக்கு அன்றைக்கு கேஸே தேவைப்பட்டிருக்காது. சித்தப்பாவைப் போய்ப் பிடித்தேன்.

"என்னா சித்தப்பா இது? நான் என்ன பாவம் பண்ணேன் உங்களுக்கு?"

"அட, கோபூஜை பண்ணாம எவனாவது சூளைய பத்த வைப்பானா? உனக்காவத்தாம்மா பண்ணோம். உங்க வாத்தியாரு மெட்ராஸ்லேர்ந்து வராரு. அவரு எதிர்ல உண்ணியோட மாட்ட நிறுத்தினா உன் மானம் என்னாவறது?"

இவர்கள் அன்பு இருக்கிறதே, அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தால் நோபலே கொடுக்கலாம். பூஜை முடிகிறவரை ஒரு மூலையில் நின்று அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தேன். பிறகு மாட்டை வேப்பமரத்தடியில் கட்டினார்கள். சார் பூஜைக்காகக் கழற்றியிருந்த ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு மாட்டைச் சுற்றி ஒரு வலம் வந்தார். கழுத்தை நீட்டிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சூரியன் உதித்திருந்தது.

"ஒண்ணுகூட இல்லையே! பானுமதி, ஜீரோ! ஜீரோ உண்ணி! நூறு பர்சன்ட் வெற்றி!"

"சார், புடுங்கிட்டாங்க சார்."

"யாரு?"

"இவங்க. கையால." நான் காட்டினேன். தன்னை அறிமுகப்படுத்துகிறேன் என்று நினைத்துப் பூவாயி அக்கா ஒரு வணக்கம் வைத்தார்.

சார் ஒரு நிமிஷம்தான் யோசித்தார். குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு. ஊசிக்கு முன்னாடி உண்ணி இருந்துது. இப்ப இல்ல. நடுவுல யாரு வந்தா யாரு போனாங்கறதெல்லாம் பேப்பர்ல எழுதற வழக்கம் இல்ல."

"சார், நெஜமாவே வேலை செஞ்சுது சார். செவந்துது. நான் கண்ணால பாத்தேன். ஊசியோட பலன் இன்னும் மாட்டு ரத்தத்துல இருக்குது. ஒரு மாசம் குடுங்க, மறுபடி உண்ணி ஏறட்டும், செவப்பா வுழறத டியூப்ல போட்டுக் காட்டறேன்."

"மாநாடு அடுத்த வாரம்மா. நெஜமா வேலை செஞ்சுதுன்னு நீயே சொல்ற. வேலை செஞ்சுதுன்னுதான் நானும் சொல்லப்போறேன். அப்புறம் என்ன?"

"நான் சொல்றது நெஜம் சார். நீங்க சொல்லப்போறது பொய்."

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றார் அந்தப் பெரிய மனுஷர். ஜீரோ என்று அவர் மேடையில் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு என் சிவப்பு உண்ணியை எவன் சீந்துவான்? நாளைக்கு வேறு யாராவது ஊசி போட்டுப் பார்த்து, மாட்டின் மேல் உண்ணி நிற்பதைக் கண்டால், பானுமதி புளுகினாள் என்றுதான் எழுதுவான். உண்மையிலேயே கண்டுபிடித்தவளைப் பொய்க்காரியாக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இதற்குள் சித்தப்பா மாலையோடும் போட்டோகிராபரோடும் வந்துவிட்டார். மாலையைப் போட்டுவிட்டு சாரின் முகத்தையே உற்றுப் பார்த்தார். "சாருக்கு எந்த ஊருங்க?"

"சென்னை."

"இல்லீங்க, பூர்வீகம்?"

"அதுவும் சென்னைதான்."

"அப்படியா? அச்சு அசல் திட்டக்குடி ஜாடையா இருக்குதே. வெலிங்டன் ஏரிக்குத் தெக்கால விருத்தகிரின்னு ஒருத்தர் இருந்தாருங்க. பெரிய மாட்டுப் பண்ணைக்காரரு. அவரு மூக்க அப்படியே எடுத்து வச்ச மாதிரி இருக்குது."

"நான் மாட்டுப் பக்கமே போனதில்லைங்க" என்றார் சார். அவசரமாக ஒரு சோடா கேட்டு வாங்கிக் குடித்தார்.

போட்டோகிராபர் அவரை மாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "மாட்டு மேல கைய வைங்க சார்" என்றார். சார் இரண்டு விரலால் தொட்டார். அப்புறம் உள்ளங்கையை வைத்தார். சித்தப்பா புதுச் சூளையில் எத்தனை பிள்ளையார் வேகும் என்று விளக்க ஆரம்பித்தார். சார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மகாலட்சுமி தலையைச் சிலுப்பியது. கழுத்து மாலை விலகியது. கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியின் மடிப்புக்குள், பூவாயி அக்காவின் கைக்குத் தப்பி, ஒன்றே ஒன்று. உப்பி, உருண்டு, ரத்தச் சிவப்பாக.

எனக்கு உயிர் வந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து டியூபை எடுக்க ஓடினேன். "சார், அசையாதீங்க! அப்படியே இருங்க!" என்று கத்திக்கொண்டே திரும்பி வந்தேன்.

சார் சித்தப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் கை மட்டும் தானாக மாலைக்கு அடியில் போனது. அவர் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து, அடியோடு பிடித்து, சுண்டி இழுத்துக் கீழே போட்டன. போட்டோகிராபரின் பிளாஷ் மின்னியது. கறுப்பு ஷூவின் குதிகால் ஒரு திருகு திருகியது.

டப்.

"பாத்தியா! நான் சொல்லல?" சித்தப்பா குதித்தார். "திட்டக்குடிக் கையி! விருத்தகிரி வூட்டு ஆளேதான்!"

சார் தன் கையைப் பார்த்தார். அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார். "பழக்கம்மா" என்றார் என்னிடம். "சின்ன வயசுல எங்க வூட்டு மாட்டுக்கெல்லாம் நாந்தான்..." அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர் எங்கள் ஊர்த் தமிழ் பேசி நான் கேட்டேன்.

"அதான் சார் மிச்சம் இருந்தது" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "உங்க இருபது வருஷமும் என் நாலு வருஷமும் அதுலதான் இருந்துது."

அவர் சட்டென்று மறுபடி சென்னைக்குப் போய்விட்டார். சுற்றிலும் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். "விடு. ஒண்ணுதானே. ஜீரோன்னே போட்டுக்கலாம்."

அந்த 'ஒண்ணுதானே'யைக் கேட்டதும் என் அழுகை நின்றுவிட்டது. நான் அவர் காலடியில் மண்டி போட்டு உட்கார்ந்தேன்.

"பாருங்கய்யா, எங்க வூட்டுப் பொண்ணுக்கு எவ்ளோ குருபக்தி!" சித்தப்பா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "சார், நல்லா ஆசீர்வாதம் பண்ணுங்க!" கூட்டம் கைதட்டியது. சாரின் வலது கை தானாக என் தலைக்கு மேலே உயர்ந்தது. போட்டோகிராபர் பளிச் பளிச்சென்று எடுத்துத் தள்ளினார். நான் ஷூ கயிற்றை அவிழ்த்தேன்.

"ஏய், என்ன பண்ற?" சார் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். உதட்டில் போட்டோவுக்கான சிரிப்பு அப்படியே இருந்தது.

"காலத் தூக்குங்க சார். எல்லாரும் பாக்கறாங்க."

தூக்கினார். வேறு வழி? மகாலட்சுமியின் நீலக் கொம்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் மாலையோடு ஒற்றைக் காலில் நின்றார். ஷூவைக் கழற்றிக் குதிகாலைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பாக ஒரு தீற்றல், அதில் ஒட்டிக்கொண்டு இரண்டு கால்கள். குடலைக் கிழித்தது என் ஊசியா அவர் குதிகாலா என்று இனி எந்த மைக்ராஸ்கோப்பும் சொல்லாது. அது எனக்குத் தெரியும். ஆனால் மாட்டின் மேல் ஜீரோ இல்லை என்று சொல்ல அது போதும். அதைப் பிடுங்கி நசுக்கியது யார் என்று சொல்ல சித்தப்பாவும் இருக்கிறார், போட்டோவும் இருக்கிறது.

ஷூவை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினேன். "ஜீரோ இல்ல சார். ஒண்ணு."

சாயங்காலம் சித்தப்பாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு சார் ஆட்டோவில் ஏறினார். மாநாட்டில் வேறு எதையோ பேசிக்கொள்வதாக முனகினார். ஆட்டோ கிளம்பப் போகும்போது தலையை வெளியே நீட்டினார். "பானுமதி, அந்த ஷூ..."

"தரேன் சார். மாட்டு மேல மறுபடி உண்ணி ஏறட்டும். செவந்து தானா வுழட்டும். நீங்களே வந்து கண்ணால பாருங்க. அன்னைக்குத் தரேன்."